ஆடி மாசத்து ஃபாண்டன்ட்

கேக் அலங்காரத்துக்குப் பிசைகிற சர்க்கரை மாவுதான் ஃபாண்டன்ட். அதைக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாசம் செய்யப் போகிறீர்கள் என்பதுதான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஜனவரியில் மும்பையில் யார் வேண்டுமானாலும் ஃபாண்டன்ட் பூ செய்துவிடலாம். சிலிகான் அச்சில் அழுத்தி, பின்பக்கம் மடக்கி வெளியே எடுத்து, தட்டில் பரப்பிவிட்டுப் படுக்கப் போனால், காலையில் கையில் எடுத்து வைக்கிற பதத்துக்கு வந்திருக்கும். ஜூன் இரண்டாவது வாரம் மழை இறங்கியதற்கு அப்புறம் அதே பாக்கெட், அதே அச்சு, அதே கை, ஆனால் மறுநாள் சாயங்காலம் தொட்டாலும் இதழ் விரலோடு வரும். நான் செம்பூரில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். இந்த ஊரில் ஃபாண்டன்ட் வேலையில் கைத்திறன் கால்வாசிதான், மிச்சம் முக்கால்வாசி காற்றில் இருக்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டுவது.

சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஒரு கணக்கு இருப்பது பலருக்குத் தெரியாது. 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட 85 சதவீதத்தைத் தொட்டால், சுத்தமான சர்க்கரையே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பித்துவிடும். ஃபாண்டன்டில் இருப்பதோ வெறும் சர்க்கரை இல்லை. ஐசிங் சர்க்கரையோடு க்ளூக்கோஸ் சிரப், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு, இறுக்கிப் பிடிக்க ஜெலட்டினோ பிசினோ எல்லாம் சேர்ந்த கலவை அது. சிரப்பும் கிளிசரினும் மாவு வறண்டு வெடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை, அதாவது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே அவை உள்ளே இருக்கின்றன. குளிர்தேசத்தில், ஹீட்டர் போட்டு வறண்ட வீட்டில் அது வரம். ஜூலை மாதம் செம்பூரில், துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் நாற்றமடிக்கிற வீட்டில், 85 வரைக்கும் போக வேண்டியதே இல்லை, அதற்குக் கீழேயே பூ வியர்க்கத் தொடங்கிவிடும். மும்பையின் மழையை அளக்கிற சாந்தாகுரூஸில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 2,000 மி.மீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் எல்லாம் சாக்கடைக்கா போகிறது, பாதி என் சமையலறைக்கு வருகிறது என்றுதான் எனக்குப் படும்.

சர்க்கரையை அச்சில் வார்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிசு இல்லை. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு எள்ளோடு சக்கரை அச்சு கொடுப்பார்கள், மர அச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பாகு காய்ச்சி ஊற்றி எடுக்கும் யானை, கிளி, துளசி மாடம். இங்கே மராட்டிய வருடப்பிறப்பான குடி பாட்வாவுக்கு முன்னால் செம்பூர் மார்க்கெட்டில் நூலில் கோத்த சர்க்கரை மாலைகள் தொங்கும், காட்டி என்பார்கள், அதுவும் அச்சில் வார்த்ததுதான். ஒன்று ஜனவரி, இன்னொன்று மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். சர்க்கரை பொம்மைப் பண்டிகை எதுவும் ஆடி, ஆவணியில் வருவதாக எனக்குத் தெரிந்து இல்லை. பண்டிகைக் கணக்கே வேறு, சூரியனும் சந்திரனும் பார்த்துப் போட்டது, சரிதான். இருந்தாலும் காய்ந்த மாசத்தில் வந்த வழக்கம்தான் நிலைத்திருக்கும் என்று ஒரு கேக்காரிக்குத் தோன்றுவதில் தப்பில்லை. நமக்குப் பிறந்தநாள் எல்லா மாசமும் வருகிறது, அதுதான் சிக்கல்.

எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ரோஜாக்களைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது திங்கிற சாமானா, வைக்கிற சாமானா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தின்னலாம், ஆனால் யாரும் தின்பதில்லை. முழுக் கேக்கையும் ஃபாண்டன்ட் போர்வையால் மூடிக் கொடுத்தால், வெட்டினதும் எல்லோரும் அந்தத் தோலை உரித்துப் பேப்பர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார்கள், நான் பார்க்கப் பார்க்க. அதனால் மூடுகிற வேலையை நான் பெரும்பாலும் ஏற்பதில்லை. மேலே வைக்கிற சின்னச் சின்னத் துண்டு, அதுவும் அச்சில் எடுத்தது, அது போதும் என்பது என் கட்சி. கப் கேக் ஒன்றுக்கு ஒரு பூ, ஒரு பட்டன், ஒரு சங்கு. குழந்தைகள் முதலில் கை வைப்பதும் அதில்தான். ஐந்து கிராம் சர்க்கரையை ஒரு குழந்தை கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை.

கடையில் வாங்குகிற ஃபாண்டன்டை அப்படியே அச்சில் போட்டால் உருவம் வரும், நிற்காது. டைலோஸ் என்று ஒரு பொடி விற்கிறது, சிஎம்சி என்றும் கேட்டால் கொடுப்பார்கள், 250 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் அளவில் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் மாவு இறுகிக் கொடுக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் கூடவே போடுவேன், ரொம்பப் போட்டால் அழுத்தும்போதே ஓரம் வெடிக்கும். பிசைகிற பதத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவு காது மடல். தொட்டுப் பார்த்துக்கொண்டே பிசையலாம், யாரும் பார்க்காதபோது.

அச்சு வாங்க ஹார்பர் லைன் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வரை போய், அங்கிருந்து கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு நடப்பேன். இப்போது பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டை, ஆனால் டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் கேக் சாமான் கடைகள் இருக்கின்றன, வாரநாள் காலையில் போனால் நின்று பார்த்து வாங்க முடியும், சனிக்கிழமை மூச்சுவிடக்கூட முடியாது. உள்ளே போவதற்கு முன்னால் வாசல் வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். 1869ல் கட்டி முடித்த கட்டடம், அந்த வாசலுக்கு மேலே இருக்கிற புடைப்புச் சிற்பங்களை வடிவமைத்தவர் லாக்வுட் கிப்ளிங், ரட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா. குடியானவர்கள் கோதுமை வயலில் நிற்கிற காட்சி. கல்லிலிருந்து வெளியே வரும் அளவு கொஞ்சம்தான், ஆனால் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு உருவமும் தனியாகத் தெரிகிறது.

அச்சு தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பதும் அதைத்தான். ரொம்ப ஆழமான அச்சைக் கடையில் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் தும்பிக்கை தூக்கிய யானை, வாலை விரித்த கடற்கன்னி எல்லாம் வெளியே வரும்போது மெல்லிய இடத்தில் அறுந்துவிடும். உள்ளே குடைந்து, வாய் குறுகலாக இருக்கிற குழிகள் அதைவிட மோசம், மாவு உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆழம் குறைவு, கோடுகள் தெளிவு, ஓரங்கள் வெளிப்பக்கம் சரிந்து திறப்பது, இப்படி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிலிகானைக் கிள்ளி மடக்கிப் பார்க்க வேண்டும். தடியாக, வளையாமல் இருந்தால் வேண்டாம். இன்னொன்று, ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினை ஊற்றிச் செய்கிற கைவேலைக்கு விற்கிற அச்சும் கேக் அச்சும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும். உணவுக்கானது என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். ஒரு தடவை ரெசின் ஊற்றிய அச்சை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

சரி, அழுத்துவது எப்படி என்று பார்ப்போம். எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். முதலில் மாவை உள்ளங்கையில் உருட்டி, ஒரு பக்கமாவது மடிப்பு, வெடிப்பு இல்லாத உருண்டையாக ஆக்க வேண்டும். அந்த வழவழப்பான பக்கம் அச்சுக்குள் கீழே போக வேண்டும், ஏனென்றால் அதுதான் நாளைக்கு முகம். கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, அங்கிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் அடியில் காற்று மாட்டி மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். நிரம்பியதும் வழிகிற மாவைக் கிழித்து இழுக்கக் கூடாது, விரலால் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்து, மீதியைச் சின்னக் கத்தியால் அச்சின் மட்டத்துக்குச் சீவ வேண்டும். பின்பக்கம் தட்டையாக இருந்தால்தான் கேக்கில் உட்காரும். அப்புறம் அச்சைக் கவிழ்த்து, ஓரத்திலிருந்து பின்னால் உரித்து மடக்குங்கள். மாவைப் பிடித்து இழுக்காமல், அச்சுதான் மாவை விட்டு விலகிப்போக வேண்டும். மாவு அசையாமல் கிடந்தால் இன்னொரு சின்ன உருண்டையை அதன் முதுகில் லேசாக ஒட்டித் தூக்கினால் வந்துவிடும்.

ஒட்டாமல் இருக்கச் சோள மாவு தூவச் சொல்வார்கள். காய்ந்த மாசத்தில் சரி, ஒரு துணியில் முடிந்து லேசாகத் தட்டினால் போதும். மழையில் சோள மாவும் ஈரம் இழுத்துக் கோடுகளுக்குள் பசையாகப் போய் அடைத்துக்கொள்ளும், சிவப்பிலும் கறுப்பிலும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்த நாட்களில் அச்சுக்குள் விரல் நுனியால் வனஸ்பதி மாதிரி வெள்ளைக் கொழுப்பை, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தடவுவேன். இன்ஸ்டாகிராமில் அச்சோடு ஃப்ரீசரில் பத்து நிமிஷம் வைக்கச் சொல்கிறார்கள், உண்மையிலேயே அழகாகக் கழன்று வரும். ஆனால் வெளியே எடுத்ததும் மும்பைக் காற்று அதன் மேல் பனித்துளியாகப் படிந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்று ஆகி, பளபளப்பு பிசுபிசுப்பாகிவிடும். ஏசி அறையில் செய்கிறவர்களுக்கான வித்தை அது.

இரண்டு நிறத்தில் வேண்டும் என்றால் சின்னப் பகுதியை முதலில் நிரப்ப வேண்டும், பூவின் நடுவில் மஞ்சள், அதன் மேல் வெள்ளை. ஜிமிக்கிக்குத் தங்க நிறம் வேண்டுமா, வெளியே எடுத்தபின் பூசுவதைவிட, காய்ந்த பிரஷ்ஷால் பொடியை அச்சுக்குள்ளேயே தடவிவிட்டு அப்புறம் மாவை அழுத்தினால் ஒவ்வொரு மணியிலும் சமமாகப் பிடிக்கும்.

காய வைப்பதற்கு வருவோம். ஃபேன் காற்று உதவும் என்று நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கிற ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கிற ஃபேன் எதைக் காயவைக்கும்? பெங்களூரில் இருக்கிற என் சித்தி மகள் மார்கழியில் பால்கனிப் பக்கம் தட்டை வைத்தால் விடிவதற்குள் கல்லாகிவிடுகிறது, நான் அவளிடம் பொறாமையைத் தவிர வேறு எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. எனக்கு உதவுவது இரண்டு. ஒன்று, ஏசியை ட்ரை மோடில் ஓட்டி, கதவைச் சாத்தி, படுக்கை அறையில் தட்டுகளை அடுக்குவது, கரண்ட் பில்லைக் கேக் விலையில் சேர்த்துவிடுவேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, சுவிட்ச் போடாத ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுத் தட்டை வைப்பது. உள்ளே காற்று லேசாகச் சூடாகும்போது அதே ஈரத்துக்கு அதன் ஈரப்பத சதவீதம் இறங்கிவிடும், பூவிலிருந்து தண்ணீர் வெளியே போக இடம் கிடைக்கும். காய்ந்ததைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்க வேண்டும், பொட்டலம் பூவைத் தொடாமல். ஃப்ரிட்ஜில் வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததைக் கொண்டுபோய் விப்பிங் கிரீம் மேல் வைத்தால் எல்லாம் வீண். நம் ஊரில் பிறந்தநாள் கேக் என்றால் அதுதானே, கிரீம் கேக். கிரீமில் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர், ஃபாண்டன்ட் துண்டு அதன் மேல் உட்கார்ந்ததும் அடியிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் பின்பக்கம் கரைந்து, சிவப்பு ரோஜா வெள்ளை கிரீமில் இளஞ்சிவப்பாகக் கசிந்து நிற்கும். சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் அல்லது பட்டர்கிரீம் என்றால் பிரச்சினை குறைவு, அவற்றில் கொழுப்பு அதிகம். வாடிக்கையாளர் கிரீம்தான் வேண்டும் என்றால், துண்டின் முதுகில் உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டை ஒரு கோட்டிங் அடித்துவிடுவேன், கொழுப்புத் தடுப்பாக நிற்கும். உயரமாக நிற்க வேண்டிய பொம்மைக்குள் பல்குத்தி செருகுவது குழந்தைகள் இருக்கிற வீட்டில் எனக்கு ஒப்பாது. வேகாத ஸ்பெகட்டிக் குச்சி இருக்கிறதே, அது சின்ன உருவத்தைத் தாங்கும், கடித்தாலும் பல்குத்தி அளவுக்கு ஆபத்தில்லை.

நிறத்தில் ஒரே விதி, ஜெல் கலர் மட்டும். தண்ணியான கலர் ஒரு சொட்டு விழுந்தாலே மாவு தளர்ந்துவிடும். அடர் சிவப்புக்கும் கறுப்புக்கும் வெள்ளை மாவிலிருந்து ஆரம்பித்தால் கலர் பாட்டில் காலியாகும், வாய் கசக்கும், அதனால் கறுப்புக்குச் சாக்லேட் ஃபாண்டன்டிலிருந்து ஆரம்பிப்பேன். கலந்த நிறம் ஒரு ராத்திரியில் இன்னும் ஏறும், எனவே கொஞ்சம் வெளிறியபோதே நிறுத்திவிட வேண்டும். ஊதா வெயில் பட்டால் நீலமாக வெளுக்கும், ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

தங்கப் பொடி விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன். டப்பாவில் விஷமற்றது என்று எழுதியிருப்பதற்கும் உண்ணத்தக்கது என்று எழுதியிருப்பதற்கும் தூரம் அதிகம். முதலாவது, அலங்காரத்துக்கு வைக்கலாம், வாயில் போடுவதற்காகச் செய்ததில்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் 2018ல் ஒரு பிறந்தநாள் கேக் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியில் விழுந்தார்கள், விசாரித்தால் கேக்கில் பூசிய ரோஸ் கோல்டு பொடியில் செம்பு கொட்டிக் கிடந்திருக்கிறது. நம் பக்கம் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அது ரோடமின் பி என்கிற துணிச்சாயத்துக்காக. பொடி டப்பாவில் உட்பொருள் பட்டியலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண்ணும் இல்லையென்றால், எவ்வளவு மின்னினாலும் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஜிமிக்கி மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழ்வீட்டு மாமி ஒவ்வொரு தடவையும், "ஏம்மா, இதுல ஜெலட்டின் கிடையாதோன்னோ?" என்று கேட்பார். ஜெலட்டின் விலங்குகளிடமிருந்து எடுப்பது. மும்பையில் இந்தக் கேள்வி மாமி மட்டும் கேட்பதில்லை, குஜராத்தி, ஜெயின் வீடுகளில் ஆர்டருக்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள். பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட் வாங்கினால் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதி கலரில் இருக்கிறது. இ120 என்று போட்டிருக்கும் சிவப்பு, கார்மைன், பூச்சியிலிருந்து எடுப்பது. பளபளப்புக்கு அடிக்கிற கிளேஸில் ஷெல்லாக் இருந்தால் அது அரக்குப் பூச்சியிடமிருந்து வருவது. நான் இதையெல்லாம் சொல்லிவிடுவேன், சாப்பிடுகிறவர் முடிவு செய்யட்டும்.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்தும் சயானிலிருந்தும் வருகிற நம் ஆட்களின் ஆர்டர்கள்தான் எனக்குக் கொண்டாட்டம். வளைகாப்புக்குக் கப் கேக் மேல் வளையல், மஞ்சள் நீராட்டுக்கு வாழைமரமும் குத்துவிளக்கும், அறுபதாம் கல்யாணத்துக்குப் பருப்புத்தேங்காய்க் கூடு. இதற்கெல்லாம் கடையில் அச்சு கிடைக்காது, யூனிகார்ன்தான் கிடைக்கும். உணவுக்கேற்ற இரண்டு பாகச் சிலிகான் களிம்பு விற்கிறது, சம அளவு பிசைந்து, நன்றாகக் கழுவித் துடைத்த நிஜ வளையலின் மேல் அழுத்தி இறுகவிட்டால் அச்சு தயார். பிளாட்டினம் முறையில் இறுகுவதா என்று கேட்டு வாங்க வேண்டும், தகரம் கலந்த மலிவு ரகம் சாப்பாட்டுக்கு ஆகாது. ஒரு ஆர்டரை மட்டும் நான் எடுப்பதில்லை, பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார். மோதகம் செய்து தருகிறேன், மூஞ்சூறு செய்து தருகிறேன், ஆனால் கேக் மேல் அவரை உட்காரவைத்துவிட்டு எந்தப் பக்கத்திலிருந்து கத்தியை இறக்குவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூஞ்சூறுக்கு ஒப்புக்கொள்வார்கள்.

கேக்கைக் கையில் கொடுக்கும்போதே வாட்ஸப்பில் ஒரு குறிப்பும் அனுப்புகிறேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், மூடியபடியே அரை மணி நேரம் ஏசி அறையில் வையுங்கள், குளிர்ந்த பரப்பில் படிகிற ஈரம் பெட்டியின் மேல் படியட்டும், பூவின் மேல் வேண்டாம். மேலே இருக்கிற ஈரத்தைத் துடைக்காதீர்கள், தொடாமல் விட்டால் தானே போய்விடும். படித்தேன் என்பதற்கு இரண்டு நீல டிக் வரும், "சரிக்கா" என்று பதிலும் வரும். அதற்கு ஐந்து நிமிஷம் கழித்து, ஆட்டோ இன்னும் சயான் சிக்னலைத் தாண்டாதபோது, பெட்டியைத் திறந்து மடியில் வைத்து, பின்னால் மழை தெரிய எடுத்த செல்ஃபி ஸ்டேட்டஸில் ஏறியிருக்கும்.